கையா முறையியல்

கையா என்பது பன்முகவர் அமைப்புகளைப் பகுத்தாய்ந்து வடிவமைப்பதற்கான ஒரு மென்பொருள் பொறியியல் முறை. மைக்கேல் வுல்ட்ரிட்ஜ், நிக்கோலஸ் ஜென்னிங்ஸ், டேவிட் கின்னி ஆகியோர் 2000இல் இதை விரிவாக வெளியிட்டனர்.

தன் இலக்கை நோக்கித் தானே முடிவெடுத்து இயங்கும் மென்பொருள், முகவர் எனப்படும். பொருள்நோக்கு நிரலில் ஒரு பொருளின் செயல்முறையை மற்றொன்று அழைத்தால் அது இயங்கியாக வேண்டும். முகவரிடமோ வேண்டுகோள் மட்டுமே வைக்க முடியும். ஏற்பதும் மறுப்பதும் அதன் விருப்பம். பொருள்நோக்கு வடிவமைப்பு முறைகள் இந்தத் தன்னாட்சியைக் கணக்கில் கொள்ளவில்லை. எனவே கையா, அமைப்பை ஒரு நிறுவனமாகக் கொண்டு, பதவிகளிலிருந்து தொடங்குகிறது. ஒவ்வொரு பதவிக்கும் பொறுப்புகள், உரிமைகள், தனிச்செயல்கள், பிறருடன் பேசும் நெறிமுறைகள் ஆகிய நான்கும் எழுதப்படுகின்றன.

மூல ஆசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு, அலுவலகக் காப்பி இயந்திரத்தை நிரப்பும் பதவி. நிரப்புதல், பணியாளர்களுக்குத் தெரிவித்தல், இருப்பைப் பார்த்தல், இயந்திரம் காலியாகும்வரை காத்திருத்தல் என்ற வரிசை முடிவின்றிச் சுழலும். இது உயிர்ப்புப் பண்பு: நடக்க வேண்டியது நடந்துகொண்டே இருக்கும். காப்பியின் இருப்பு எப்போதும் பூச்சியத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது காப்புப் பண்பு. இயந்திரத்தின் நிலையை இப்பதவி படிக்கலாம், இருப்பை மாற்றலாம். ஒரு வரி நிரல்கூட எழுதுமுன் இவ்வளவும் தாளில் வந்துவிடுவதே கையாவின் பெரும்பலம்.

வடிவமைப்புக் கட்டத்தில் பதவிகள் முகவர் வகைகளாகின்றன. நெருங்கிய பதவிகள் பலவற்றை ஒரே முகவர் ஏற்கலாம். யார் யாருடன் பேசுவார் என்ற தொடர்பு வரைபடம், எங்கே நெரிசல் வரும் என்பதை முன்கூட்டியே காட்டும்.

முதல் வடிவம், முகவர்கள் அனைவரும் ஒத்துழைப்பவர்கள், அவர்களிடையிலான உறவுகள் மாறாதவை என்று கருதியது. வெளியார் எழுதிய, தன்னலமுள்ள முகவர்கள் நுழையும் சந்தைகளுக்கு இது பொருந்தவில்லை. 2003இல் பிராங்கோ சம்போனெல்லி, ஜென்னிங்ஸ், வுல்ட்ரிட்ஜ் ஆகியோர் சூழல், நிறுவனக் கட்டமைப்பு, நிறுவன விதிகள் ஆகியவற்றைச் சேர்த்தனர். நிறுவன விதிக்கு ஓர் எடுத்துக்காட்டு: மாநாட்டுக் கட்டுரைத் தேர்வில் எழுதியவரே தம் கட்டுரையை மதிப்பிடக் கூடாது. எழுத்தாளர், மதிப்பீட்டாளர் என்ற இரு பதவிகளைத் தனித்தனியே எவ்வளவு கவனமாக வரையறுத்தாலும் இந்தத் தடை வராது. அது முழு அமைப்புக்கும் உரியது. 2003இன் திருத்தமே கையாவை, வெளியார் முகவர்கள் நுழையும் திறந்த அமைப்புகளுக்கும் உரியதாக்கியது.

வடிவமைப்போடு கையா நின்றுவிடுகிறது. நிரலாக்கத்துக்கு வழி காட்டுவதில்லை. முகவரின் உள்ளமைப்பு வரை இறங்கிச் செல்ல விரும்புவோருக்கு, மெல்பர்னில் லின் பட்கமும் மைக்கேல் வினிகோஃபும் உருவாக்கிய புரோமீதியஸ் முறை கூடுதலாக உதவும்.