அபாயக் குரல்: பறவைகளிடையே இனம் கடந்த எச்சரிக்கை

ஓர் இனப் பறவை எதிரியைக் கண்டு எழுப்பும் ஒலியைக் கேட்டு, வேறு இனப் பறவைகளும் தம்மைக் காத்துக்கொள்வது இனம் கடந்த எச்சரிக்கை எனப்படும். கண்டியில் தலதா மாளிகைக்குப் பின்னே விரியும் உடவத்தகலைக் காட்டிலும், மகாவலி வளைந்தோடும் பேராதனைப் பூங்காவிலும் காது கொடுத்தால் இதைக் கேட்கலாம்.

வல்லூறு பறந்து வரும்போது எழும் குரல் மெலிந்தது, உச்ச சுருதியில் இழுபடுவது. கத்தியது எங்கே என்று பிடிபடாது. கேட்டவை புதருக்குள் பாயும், அல்லது அசையாமல் இருந்துவிடும். கிளையில் உறங்கும் ஆந்தையையோ மரமேறும் பாம்பையோ கண்டால் குரல் கரகரக்கும், விட்டுவிட்டு ஒலிக்கும், இடத்தைக் காட்டிக்கொடுக்கும். உடனே கொண்டைக்குருவி, மைனா, தையல்சிட்டு என்று பல இனங்கள் கூடி எதிரியைச் சூழ்ந்து இரையும். இவ்விரு வகைக் குரல்களின் ஒலியமைப்பு வேறுபாட்டை 1955இல் பீட்டர் மார்லர் விளக்கினார்.

இலங்கையில் இதுபற்றிய முக்கிய ஆய்வு கண்டிக்குத் தெற்கே, சிங்கராஜ வனத்தில் நடந்தது. அங்கே பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாக இரை தேடித் திரியும். சரத் கொட்டகமவும் ஈபன் குடேலும் 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, எச்சரிக்கைகளில் பெரும்பகுதி இரண்டு இனங்களிடமிருந்தே வருகிறது: செம்மஞ்சள் அலகுத் தவிட்டுக்குருவி, துடுப்புவால் கரிச்சான். இரண்டில் கரிச்சானின் குரலே நம்பகமானது. காரணம் அதன் பிழைப்பில் இருக்கிறது. பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடிப்பதால் அதன் கண் எப்போதும் வெளியில் இருக்கும். தவிட்டுக்குருவியோ இலைகளைக் கிளறிக்கொண்டிருக்கும். கூட்டம் கலைத்துவிடும் பூச்சிகள் கரிச்சானுக்கு இரையாகின்றன.

கரிச்சானின் வித்தை இதோடு முடியவில்லை. ஆபத்து வேளையில் அது பிற இனங்களின் அபாயக் குரலையும் வேட்டைப் பறவைகளின் குரலையும் போலச் செய்கிறது. மற்ற வேளைகளில் பிற இனங்களின் பாட்டைப் பாடுகிறது. இடமறிந்து குரல் மாற்றும் இத்திறனே இவ்வாய்வுகளில் மிக வியப்பான கண்டுபிடிப்பு. ஆப்பிரிக்காவின் களஹாரியில் வாழும் ஒரு கரிச்சான் இனம், பொய்யாகக் கத்திப் பிறவற்றை விரட்டி, அவை போட்டுவிட்டு ஓடும் இரையைக் கவர்கிறது.

அயல்மொழிபோன்ற இக்குரல்களைப் பறவைகள் கற்கவும் செய்கின்றன. ஆஸ்திரேலியாவில் பழக்கமில்லாத ஓர் ஒலியைப் பருந்தின் உருவத்தோடு சேர்த்துக் காட்டியபோது, சிறு பறவைகள் சில நாட்களிலேயே ஒலியை மட்டும் கேட்டு ஓடப் பழகின.

பதிவு செய்த அபாயக் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டுப் பறவைகளை வரவழைக்க வேண்டாம். வராத எதிரிக்காக அவை இரை தேடுவதையும் குஞ்சுக்கு ஊட்டுவதையும் நிறுத்திவிடும்.