மேற்படி விஷயமாக

கொல்லிமலையின் மேற்பரப்பில், செம்மேட்டுக்குச் சமீபமாக, இன்று படகுத்துறையின் காரணமாக வெளியூர்ப் பிரயாணிகளுக்கும் பெயர் அறிமுகமாகியிருக்கும் வாசலூர்பட்டி, 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரையில் சேலத்தையே தலைநகராகக் கொண்டு, அதிகாரத்தின் கைக்கு எட்டியும் அதன் கண்ணுக்கு எட்டாமலும் இருந்துவந்த மலையூர்களில் ஒன்று. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறும் மோட்டார்ப் பாதை ஏற்படுவதற்கு முன்பு, சந்தைக்கானாலும் கச்சேரிக்கானாலும் மலைவாசிகள் கால்நடையாகவே இறங்கி ஏறினார்கள். அவர்களுடைய சொந்த வியாஜ்ஜியங்களுக்கு அவ்வளவு தூரம் இறங்கவேண்டிய அவசியமும் பெரும்பாலும் நேரவில்லை. நாடு நாடாகப் பிரிந்து வாழும் மலையாளி ஜனங்களுக்குள் பட்டக்காரரும் ஊர்க்கவுண்டரும் கூட்டம் கூட்டி, வாதி பிரதிவாதிகளை எதிரே வைத்துக்கொண்டே விவகாரத்தைத் தீர்த்துவிடுவது வழக்கம். அப்படிப்பட்ட சபையில், பேச்சுத் தொடங்குகையில் இருந்தவர்களே அது முடிகையிலும் இருப்பதால், எந்த வார்த்தை எந்த விவகாரத்தைச் சேர்ந்தது என்ற சந்தேகத்துக்கு இடமேது?

சந்தேகம் எழுவது, பேசுவோர் ஒருவரையொருவர் பாராமல் பேச நேரும்போதுதான். இன்றைய காரியாலயங்களில் கணினியிலும் கைபேசியிலும் நடக்கும் குழு உரையாடல்களிலே, ஒரு செய்திக்கு வரும் மறுமொழிகளையெல்லாம் அச்செய்தியின் கீழேயே தனி இழையாகத் தொடுத்துவைக்கும் வசதியை நவீன யுக்தி என்று சிலாகிப்பவர்கள், அதன் பூர்வீகத்தைச் சென்னை ராஜதானியின் தாலுகா கச்சேரிகளில் தேடிப் பார்த்தால் ஆச்சரியப்படுவார்கள் என்று நினைக்கிறேன்.

வாசலூர்பட்டிக்கு ஒரு பாதை வேண்டுமென்று ஊரார் சேர்ந்து மனுவொன்று எழுதிக் கீழே அனுப்பினார்கள் என்று வைத்துக்கொள்வோம். மனு கச்சேரிக்கு வந்த அன்றைக்கே பகிர்மானப் பதிவேட்டில் பதிவாகி, ஓர் எண் பெற்று, அந்த விஷயத்தைப் பார்க்கும் குமாஸ்தாவிடம் சேரும். குமாஸ்தா தம்முடைய தன்பதிவேட்டை விரித்து, இது புதிய விஷயமா, முன்பே நடந்துகொண்டிருக்கும் விஷயத்தின் தொடர்ச்சியா என்று பார்த்தாகவேண்டும். இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லாமல் அவர் மேற்கொண்டு ஓர் அடியும் நகர முடியாது. புதியதானால் அதற்கென்று தனியிடம் ஒதுக்கி, பின்னால் வரப்போகும் கடிதங்களுக்காகக் கீழே வெற்றிடமும் விட்டுவைப்பார். பழையதானால், அன்று வந்த காகிதத்துக்கென்று தனி வாழ்வு கிடையாது. முதன்முதல் வந்த மனுவின் எண்ணின் கீழே அது போய் ஒண்டிக்கொள்ளவேண்டியதுதான். வன இலாகாவின் ஆட்சேபணையும், சர்வேயரின் அறிக்கையும், ஊராரின் நினைவூட்டலும், மூன்று வருஷங்களில் முப்பது காகிதங்களாகச் சேர்ந்தாலும், அத்தனையும் அந்த முதல் எண்ணாலேயே அறியப்படும்.

இம்முறை, அதனை வகுத்த டாட்டன்ஹாம் என்ற சிவில் சர்வீஸ் உத்தியோகஸ்தரின் பெயரால், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து ராஜதானியின் ஜில்லாக் காரியாலயங்களில் நிலைபெற்று, ராஜதானி பிரிந்த பின்பும் தமிழ்நாடு, ஆந்திரம், கேரளம் ஆகிய மூன்று ராஜ்யங்களிலும் வழக்கில் இருந்துவருவது. வெளியிலிருந்து வந்தவையும் வெளியே போனவையும் நடப்புக் கோப்பிலே தேதிவாரியாக அடுக்கப்பட, காரியாலயத்தார் தங்களுக்குள் அதைப்பற்றி நடத்தும் சம்பாஷணை குறிப்புக் கோப்பு என்ற வேறொரு கட்டில் பத்தி எண் இட்டுத் தொடரும். குமாஸ்தா தம் அபிப்பிராயத்தை எழுதுவார். மேலாளர் அதன் கீழே இரண்டு வரி சேர்ப்பார். தாசில்தார் இன்ன பத்தியில் சொன்னது சரியல்ல என்று பத்தி எண்ணைச் சுட்டி மறுப்பார். ஒரே விஷயத்துக்குள்ளேயே ஊராருக்குச் சொன்னதையும் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டதையும் பிரித்துவைத்த இந்த நுட்பம், இன்றைய செயலிகள் பலவற்றில் இன்னும் இவ்வளவு தெளிவாக அமையவில்லை.

கச்சேரிக் கடிதத்தின் தலைப்பைக் கவனித்தவர்களுக்கு வேறொன்றும் தெரிந்திருக்கும். 'பொருள்' என்று ஒரு வரியில் விஷயம் இன்னதென்று கூறி, அதன்கீழ் 'பார்வை' என்று, இக்கடிதம் எந்தெந்தக் கடிதங்களின் வழியாக இங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்பதை எண்ணும் தேதியுமாக வரிசையிட்டுச் சொன்ன பிறகே 'பார்வையில் காணும் கடிதத்தின்படி' என்று உடல் தொடங்கும். அடியிலே 'நகல்' என்று, இந்த விஷயத்தில் நேரே சம்பந்தப்படாவிட்டாலும் செய்தி தெரிந்திருக்கவேண்டியவர்களின் ஜாபிதா. இந்தப் பார்வையையும் நகலையும் பரிகசித்து ஹாஸ்யக் கட்டுரை எழுதாதவர் நம்மிடையே குறைவு. ஆனால், மாற்றலாகி நேற்று வந்த குமாஸ்தா, தமக்கு முன்னிருந்தவரின் முகத்தைக்கூடப் பாராதவர், பாதை விவகாரத்தை இன்று காலையில் கையில் எடுத்து மாலைக்குள் பதில் எழுதிவிட முடிகிறதென்றால், அது அந்தப் பரிகசிக்கப்பட்ட வரிகளின் கிருபையால்தான். இழையின் பிரயோஜனம் அதில் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு அல்பமே; அவர்களுக்கு எல்லாம் ஞாபகத்திலேயே இருக்கிறது. பின்னால் வருகிறவனுக்காகவே முன்னால் இருப்பவன் சிரமம் எடுத்துக்கொள்கிறான். அந்தச் சிரமத்தை யாரும் தாமாக எடுத்துக்கொள்வதில்லை என்பதையும் அறிந்தே, குறித்த தினங்களில் தன்பதிவேட்டை மேலாளர் முன் வைத்துத் தணிக்கை செய்யவேண்டுமென்று விதித்தார்கள்.

இந்த ஞானம் ஒரே நாளில் வந்ததல்ல. சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1670-களில் எழுதிவைத்த ஆலோசனைப் புத்தகங்களைப் புரட்டினால், அங்கே விஷயம் என்ற பிரிவே இல்லை. தேதி ஒன்றே பிரிவு. காசி வீரண்ணா என்ற பிரதான வியாபாரியுடன் நடந்த துணி பேரமும், துறைமுகத்துக்கு வந்த கப்பலும், சிப்பந்திகளுக்குள் நேர்ந்த மனஸ்தாபமும், அன்றன்று நடந்த வரிசையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகிடக்கும். சிறிய வியாபார ஸ்தலமாக இருந்த வரையில் அது போதுமானதாகவே இருந்தது. கவர்னரும் ஆலோசனைச் சபையாரும் ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்த நாலைந்து பேர்தாமே! யுத்தமும் ராஜ்யமும் வந்து சேர்ந்தபோது அந்த ஒற்றைப் புத்தகம் தாங்கவில்லை. 1752-இல் இராணுவ விவகாரங்களுக்குத் தனிப் புத்தகம், 1774-இல் வருவாய்க்குத் தனிப் புத்தகம், 1786-இல் வருவாய் வாரியம் என்றே தனி ஸ்தாபனம் எனக் கிளைகள் பிரிந்தன. பிரிந்தும், ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் தேதியின் ஆட்சிதான் நடந்தது. எழும்பூரில் 1909-இல் எழுந்த ஆவணக் காப்பகக் கட்டடத்தில் அமர்ந்து அந்தப் புத்தகங்களைப் படிக்கும் ஆராய்ச்சியாளன், ஒரு விவகாரத்தின் முடிவை அறிய மாதக்கணக்கான நடவடிக்கைகளைத் தாண்டித் தாண்டிப் போகிறான்.

லண்டனுக்கும் சென்னைக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தின் கதை வேறு. கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வர ஆறேழு மாதங்கள் பிடித்த காலத்தில், ஒரு கேள்விக்கு விடை வர ஒரு வருஷத்துக்கு மேலாகும். அதற்குள் கேட்ட கவர்னரே ஊர் திரும்பியிருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். ஆகவே கம்பெனியார் நீண்ட கடிதத்தின் ஒவ்வொரு பத்திக்கும் எண் இட்டார்கள். மறுமுனையில் இருந்தவர்களும், உங்கள் இன்ன தேதிக் கடிதத்தின் இத்தனையாவது பத்திக்கு விடை என்று பத்தி பத்தியாக மறுமொழி தந்தார்கள். ஒரே உறைக்குள் இருபது முப்பது சம்பாஷணைகள், ஒன்றோடொன்று கலவாமல், ஒவ்வொன்றும் தன் கதியில், சமுத்திரத்தைக் கடந்து போய்வந்துகொண்டிருந்தன. இழைமுறையின் மூலபுருஷர்கள் யார் என்று என்னைக் கேட்டால், கணினி விற்பன்னர்களைக் காட்டுவதற்கு முன்பு பெயர் தெரியாத இந்தக் கம்பெனி எழுத்தர்களையே காட்டுவேன்.

நம்முடைய சோழர் காலத்து ராஜாங்க எழுத்து முறையிலும் இதன் சாயை உண்டு. நாகப்பட்டினத்துச் சூடாமணிவர்ம விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் பள்ளிச்சந்தமாக அளித்ததைக் கூறும், லெய்டன் செப்பேடுகள் என்று பெயர்பெற்ற 21 ஏடுகளில், அரசன் திருவாய்மொழிந்தருளியது, அதை ஓலையில் எழுதியவர், ஒப்பிட்டுப் பார்த்த திருமந்திர ஓலை நாயகங்கள், வரிப்பொத்தகத்தில் ஏற்றிய புரவுவரியார் என்று படிப்படியாக எல்லோருடைய பெயரும் பதவியும் வருகின்றன. முடிவை மாத்திரம் பொறிக்காமல் முடிவு நடந்துவந்த வழியையும் பொறித்துவைத்தபடியால், ஆயிரம் ஆண்டு கழித்துப் படிக்கிற நமக்கும் அந்தக் காரியாலயத்தின் நடைமுறை கண்முன் நிற்கிறது. வளையத்தில் கோத்த ஏடுகளாதலால் வரிசையும் கலையவில்லை.

கணினிக்கு வருவோம். மின்னஞ்சலுக்கு 1982-இல் வகுத்த விதிகளிலேயே, இது எந்தக் கடிதத்துக்கு மறுமொழி, இதற்கு முந்தியவை எவை என்று குறிக்கும் வரிகளுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். அவை கச்சேரிக் கடிதத்தின் 'பார்வை'க்கு நேரான சகோதரங்கள். விசித்திரம் என்னவென்றால், காரியாலய உரையாடல் என்று புதிய செயலிகள் தோன்றியபோது அந்த வரிகள் மறக்கப்பட்டதுதான். விளையாட்டு நிரல் ஒன்றை ஆக்கிக்கொண்டிருந்த குழுவினர் தங்கள் சொந்த உபயோகத்துக்குச் சமைத்த ஸ்லாக் என்ற கருவி, 2014-இல் எல்லோருக்குமாக வெளிவந்தபோது, கோட்டையின் பழைய ஆலோசனைப் புத்தகத்தைப் போலவே காலவரிசை ஒன்றையே அறிந்திருந்தது. 2017 ஜனவரியில்தான் அதற்கு இழை வந்தது. ஜூலிப் என்ற மற்றொன்று, 2012-இல் தொடங்கியபோதே, தலைப்பின் கீழேதான் பேச்சு என்ற அமைப்பை மேற்கொண்டது. தன்பதிவேட்டுக் குமாஸ்தா பார்த்திருந்தால் தலையசைத்திருப்பார். தமிழ்நாட்டு நிறுவனமாகிய சோகோவின் கிளிக் செயலியிலும் இழைகள் இருக்கின்றன.

இதன் அருமை நகரத்தாரைவிட மலைவாசிகளுக்கு விளங்கும். கொல்லிமலையின் பள்ளி ஆசிரியர்களும் செவிலியர்களும் ஊராட்சிப் பணியாளர்களும், சிறுதானிய விதை காக்கும் தொண்டர்களும், வேலை விஷயங்களை வாட்சப் குழுக்களில் பேசிக்கொள்ளும் காலம் இது. ஒரு வளைவில் கிடைக்கும் அலை மறு வளைவில் நழுவிவிடுகிற மலையிலே, காலையில் இறங்கியவருக்கு மாலையில்தான் செய்திகள் வந்து குவிகின்றன. தடுப்பூசி முகாமின் தேதி, பள்ளிக் கூரையின் ஒழுகல், யாரோ ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து, தேதி மாறியதென்ற திருத்தம், மீண்டும் வாழ்த்துக்கள், கூரைக்கு வந்த விடை என்று எல்லாம் ஒரே ஓட்டமாக வந்து விழும்போது, கடைசியாக வந்த 'சரி' எதற்குச் சொன்ன 'சரி' என்று யார் அறிவார்? உடனிருந்து பேசாதவருக்கு, மறுமொழிகள் விஷயவாரியாகத் தொடுக்கப்பட்டிருந்தால் மூன்று நிமிஷம். இல்லாவிட்டால் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கவேண்டியதுதான், அதற்கும் அலை வேண்டும்.

இழைமுறைக்குத் தோஷம் இல்லாமல் இல்லை. கச்சேரியில் ஒரு கோப்பை மற்றொரு கோப்போடு சேர்த்துக் கட்டிவிட்டால், பெரிய கோப்பு மேலே போய்த் திரும்பும் வரையில் சின்னக் கோப்புக்கு விமோசனம் கிடையாது. செயலியிலோ, இழைக்குள்ளே இரண்டு பேர் எடுத்த முடிவு வெளியே இருக்கும் பத்துப் பேருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. முகாமின் தேதி மாறியது இழையில் மட்டும் இருந்து, தாய்மார்கள் பழைய தேதியில் வந்து நின்றால் அதற்கு யார் ஜவாப்தாரி? இந்தக் குறையை நீக்கவே ஸ்லாக், இழை வந்த நாளிலிருந்தே, இழையில் எழுதியதைப் பொதுவிடத்துக்கும் அனுப்பு என்று ஒரு கட்டத்தை வைத்தது. நகல் ஜாபிதாவின் மறுபிறவி அது. அதில் குறியிட மறப்பவர்களும், நகல் போட மறந்த பழைய குமாஸ்தாக்களின் வம்சத்தார்தாம்.

கச்சேரியார் இன்னொன்றும் செய்தார்கள். விவகாரம் முடிந்தவுடன் கோப்பை இன்னவகை முடிவு என்று குறித்து, ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று ஆயுள் நிர்ணயித்துப் பதிவறைக்கு அனுப்பினார்கள். இதைத் தீர்மானிக்கும்போது அந்த ஒரு விஷயத்தின் தன்மையை யாரோ ஒரு மனிதர் நினைத்துப் பார்க்கவேண்டியிருந்தது. ஸ்லாக்கில், கட்டணம் செலுத்தாத குழுவினருக்கு, 2022 செப்டம்பர் முதல் 90 நாட்களுக்கு முந்திய பேச்சு கண்ணில் படுவதில்லை. அந்தக் கணக்கில் பாதை விவகாரமும் பிறந்தநாள் வாழ்த்தும் ஒன்றே. ஜூலிப்பில், தலைப்புக்கு முன்னே ஒரு சரிக்குறி இட்டு விஷயம் தீர்ந்ததென்று அறிவிக்கலாம். எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்பதை மட்டும் அங்கும் குழு முழுவதற்கோ பல தலைப்புகள் அடங்கிய ஒரு பேச்சுக்களம் முழுவதற்கோதான் விதிக்க முடிகிறது, ஒவ்வொரு தலைப்புக்கும் தனித்தனியாக அல்ல.