தைத்த பெயரும் விற்ற பெயரும்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் தைத்த என் அப்பாவின் சட்டைகளில், காலருக்குள் கடைப் பெயர் பொறித்த சின்னத் துணிச்சீட்டு ஒன்று இருக்கும். ஆடைக்குள் தன் பெயரைத் தைத்துவைக்கும் இந்த வழக்கத்தை உலகறியச் செய்தவர் பாரிஸில் கடை நடத்திய ஆங்கிலேயர் சார்லஸ் பிரெட்ரிக் வொர்த். அந்தப் பெயர் தைத்தவரை விட்டுத் தனியே கழன்றால் என்ன ஆகும் என்பதற்கு நம் காலத்துச் சான்று, ஜார்ஜ் டவுன்காரரான ஜிம்மி சூ. முன்னவர் பேரரசி யூஜினிக்குக் கவுன் தைத்தார்; பின்னவர் இளவரசி டயானாவுக்குக் காலணி செய்தார். நூறாண்டுக்கும் மேலான இடைவெளியைத் தாண்டி இருவரையும் அருகருகே நிறுத்திப் பார்க்கலாம்.

வழக்கறிஞரான தந்தை நொடித்துப்போக, 11 வயதில் வொர்த் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சூ தம் முதல் காலணியைச் செய்ததும் 11 வயதில்தான் என்பார்கள். செய்யக் கற்றுக்கொடுத்தவர் காலணித் தொழிலாளியான தந்தை. ஒருவருக்கு எழுத்து அச்சு, மற்றவருக்குக் கால் அச்சு. லண்டன் துணிக்கடைகளில் பழகிய வொர்த், பிரெஞ்சு மொழி அதிகம் தெரியாமலே 1840களில் பாரிஸுக்குக் கப்பலேறினார். அவர் விட்டுப்போன லண்டனைத் தேடிப் போனவர் சூ. கார்ட்வெயினர்ஸ் கல்லூரியில் 1983இல் படிப்பை முடித்து, 1986இல் ஹாக்னியில் பழைய மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில் பட்டறை போட்டார்.

கைத்திறன் மட்டும் இருவரையும் அரண்மனை வாசல்வரை கொண்டுபோகவில்லை. வொர்த்தின் மனைவி மரி, ஆஸ்திரியத் தூதரின் மனைவி பவுலின் மெட்டர்னிக்கிடம் வரைபட ஆல்பத்தை எடுத்துச்சென்றார்; பவுலின் அணிந்த கவுன் பேரரசியின் கண்ணில் பட்டது. சூவின் காலணிகளுக்கு 1988இல் ‘வோக்’ இதழ் எட்டுப் பக்கம் ஒதுக்கியது. அதே இதழிலிருந்து வந்த தமாரா மெலனோடு சேர்ந்துதான் 1996இல் அவர் நிறுவனம் தொடங்கினார். பெரிய இடத்து வரவேற்பறைகளின் வழி தெரிந்த ஒரு பெண் இரு கதைகளிலும் இருக்கிறார். தலைப்பில் அவர் பெயர் இரண்டிலும் இல்லை.

வேலைமுறைக்கு வரும்போது ஒப்புமை தலைகீழாகிறது. பழங்காலத்தவர் கைவினைஞர், இக்காலத்தவர் ஆலைக்காரர் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். வொர்த்தோ ஆடைகளை முன்கூட்டியே வடிவமைத்தார், உயிருள்ள பெண்களுக்கு உடுத்தி நடக்கவிட்டார், அவற்றிலிருந்து தேர்ந்துகொள்ளும்படி வாடிக்கையாளரிடம் சொன்னார். நேர்த்தையலுக்குத் தையல் இயந்திரம் வைத்திருந்தார். ஒரு கவுனின் கை இன்னொன்றின் மேலுடலோடு பொருந்துமாறு வெட்டினார். வந்தவர் சொன்னபடி தைக்கும் தையற்காரர் என்ற நிலை அவரோடு மாறத் தொடங்கியது. சூ 1980களில் உட்கார்ந்து செய்த வேலையோ முந்திய உலகத்துடையது: வந்தவரின் பாதத்தை அளந்து, அந்தப் பாதத்துக்கென்றே ஒரு ஜோடி. ஆக, ஆலைக்கு அருகில் நின்றவர் வொர்த். அவருக்கு முந்திய தையற்காரர்களின் உறவுக்காரர் சூ.

பெயர் விஷயத்தில்தான் இருவரும் மீண்டும் சந்திக்கிறார்கள். வொர்த் 1895இல் இறந்தபின் மகன்கள் கடையை நடத்தினார்கள். அடுத்த தலைமுறையில், 1932இல், ‘ஜு ருவியாங்’ என்ற வாசனைத் திரவியம் வந்தது. ‘நான் திரும்பி வருகிறேன்’ என்று பொருள். 1950களில் ஆடையகம் மூடப்பட்ட பிறகும் அந்தப் புட்டியில் பெயர் விலைபோனது. வொர்த்துக்கு இறந்தபின் நேர்ந்தது சூவுக்கு உயிரோடிருக்கையிலேயே நேர்ந்தது. தமது பாதிப் பங்கை 2001இல் 1 கோடி பவுண்டுக்கு விற்றுவிட்டு அவர் வெளியேறினார். பல கை மாறிய அந்நிறுவனத்தை 2017இல் மைக்கேல் கோர்ஸ் ஏறத்தாழ 120 கோடி டாலருக்கு வாங்கியது. அங்கே வடிவமைப்பின் பொறுப்பில் தொடர்ந்தவர் சாண்ட்ரா சோய், சூவின் மனைவி வழி மருமகள். வொர்த் வீட்டில் மகன்கள் என்றால், இங்கே மருமகள். உறவு இருக்க, பெயர்க்காரர் மட்டும் இல்லை.

இதில் எனக்குப் பிடித்த குறும்பு ஒன்று உண்டு. சூவின் குடும்பப் பெயர் உண்மையில் ‘சௌ’. பிறப்புச் சான்றிதழில் தவறாக எழுதப்பட்டு ‘சூ’ ஆனது என்பார்கள். நம் ஊர்ப் பதிவேடுகளில் முனியாண்டிகளும் மாரியம்மாள்களும் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு குமாஸ்தாவின் எழுத்துப்பிழை 120 கோடி டாலருக்குப் போனதுதான் புதிது.

புதியன செய்தவர் யார் என்று கேட்டால் தயங்காமல் வொர்த்தையே சொல்வேன். ஆனால் இன்றைய ஆடம்பரத் தொழில் எதை விற்கிறது என்று கேட்பவருக்குச் சூவின் கணக்குப் புத்தகமே தெளிவாக விடை சொல்லும். 2021இல் அவர் லண்டன் ஹனோவர் சதுக்கத்தில் ஒரு வடிவமைப்புக் கல்விக்கூடம் திறந்தார். அதன் பெயரில் அவரை நினைவூட்டுபவை ஜே.சி.ஏ. என்ற மூன்று எழுத்துகள்தான். ஜார்ஜ் டவுன் சுவர் ஒன்றிலோ முழுப் பெயரும் இருக்கிறது, இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரத்தில். அவர் தொழில் பழகத் தொடங்கிய இடம் இது என்கிறது அதிலுள்ள வாசகம்.