‘கெய்ரோ’: ஒரு கவசப் படகின் வரலாறு

போர்க்கலங்களின் வரலாறு பெரும்பாலும் அவை ஈட்டிய வெற்றிகளைக் கொண்டே எழுதப்படுகின்றது. எத்தனை கோட்டைகளைத் தகர்த்தன, எத்தனை பகைக் கலங்களை மூழ்கடித்தன என்னும் கணக்கே அவற்றின் பெருமைக்கு அளவுகோலாகின்றது. இக்கணக்கின்படி நோக்கின், அமெரிக்க உள்நாட்டுப் போரிலே பங்குகொண்ட ‘கெய்ரோ’ என்னும் ஆற்றுப் பீரங்கிப் படகு ஓர் அடிக்குறிப்பினுள் அடங்கிவிடும். அது பணியில் இருந்த காலம் பதினொரு மாதங்களுக்கும் குறைவு. அது மூழ்கியதோ சில நிமிடங்களில். எனினும், அவ்வகையைச் சேர்ந்த ஏழு படகுகளுள் மீட்கப்பட்டு இன்று கண்ணாற் காணக்கூடியதாய் இருப்பது அதுவொன்றே. வென்ற கலங்கள் மறைய, மூழ்கிய கலம் நிலைத்தது எவ்வாறு என்பது வரலாற்று மாணவர் சிந்தித்தற்குரியது.

அடிமை முறையைப் பேணும் நோக்குடன் பிரிந்துசென்ற தென் மாநிலங்களுக்கும் ஐக்கிய அரசுக்கும் இடையே 1861 ஏப்ரலில் போர் மூண்டது. மிசிசிப்பி ஆறு தென்னவரின் நிலப்பரப்பை இரண்டாகப் பிரித்து ஓடியது. பருத்தியும் தானியமும் படையும் அவ்வாற்றின் வழியே சென்றன. எனவே, அதனைக் கைப்பற்றுவோர் எதிரியின் நாட்டைத் துண்டாடலாம் என்பதை வட பகுதித் தலைவர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். ஆனால் ஆழ்கடலிற் செல்லும் கப்பல்கள் ஆற்றின் ஆழங்குறைந்த இடங்களிற் செல்லா. ஆற்றிலே ஓடிய பயணப் படகுகளோ கரையிலிருந்து வரும் பீரங்கிக் குண்டுகளுக்கு ஈடுகொடா. இவ்விடரே புதியதொரு கலத்துக்கு வழிகோலிற்று.

1861 ஓகஸ்டில், செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஈட்ஸ் என்பவர் ஏழு கவசப் படகுகளைக் கட்டித்தரும் ஒப்பந்தத்தை ஏற்றார். படகொன்றின் விலை 89,600 டொலர். சாமுவேல் பூக் வரைந்த அமைப்பு ஆமையின் ஓட்டை ஒத்திருந்தமையால், அவை ‘பூக்கின் ஆமைகள்’ என்று அழைக்கப்பட்டன. ஆற்றங்கரை நகரங்களின் பெயர்கள் அவற்றுக்கு இடப்பட்டன. ஒகையோ ஆறு மிசிசிப்பியுடன் கலக்கும் இடத்திலுள்ள இலினோய் மாநில நகரின் பெயரே கெய்ரோ என்பது. 175 அடி நீளமும் 51 அடி அகலமும் கொண்ட இப்படகு ஏறத்தாழ ஆறடி ஆழமுள்ள நீரிலே மிதக்கக்கூடியதாக இருந்தது. உந்து சக்கரம் பகைவரின் குண்டுக்கு இலக்காகாதவாறு உடலின் உள்ளே மறைக்கப்பட்டிருந்தது. பதின்மூன்று பீரங்கிகள் பொருத்தப்பட்டன. இரண்டரை அங்குலத் தடிப்புள்ள இரும்புத் தகடுகள் கனத்த ஓக் மரத்தின் மீது பதிக்கப்பட்டன.

ஆயினும் இக்கவசம் படகு முழுவதையும் போர்த்தவில்லை. முழுவதையும் போர்த்தியிருப்பின் பாரத்தினால் அது ஆற்றிலே மிதந்திராது. ஆதலால் முன்புறத்துக்கும், பக்கங்களில் பொறிகள் அமைந்த பகுதிக்கும் முதலிடம் அளிக்கப்பட்டது. நேரெதிரே நின்று சுடும் பீரங்கியே முதன்மையான ஆபத்து என்னும் கணிப்பு இவ்வமைப்பிற் பொதிந்திருந்தது. 1862 பெப்ரவரியில் ஹென்றிக் கோட்டை பணிந்தபோது அக்கணிப்புச் சரியெனத் தோன்றியது. ஆனால் அதே மாதத்தில் டொனெல்சன் கோட்டையின் உயர்ந்த கரையிலிருந்து சரிந்து விழுந்த குண்டுகள் படகுகளைப் பின்வாங்கச் செய்தன. யூன் மாதத்தில் ‘மவுண்ட் சிற்றி’ என்னும் படகினுள் ஒரேயொரு குண்டு புகுந்து நீராவிக் கலத்தைத் துளைத்தது. கொதிநீராவியில் வெந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். காக்க அமைத்த இரும்புக் கூடே அவர்களுக்குப் பொறியாயிற்று.

கெய்ரோ 1862 யனவரியிற் பணிக்கு வந்தது. மேற்கூறிய கோட்டைப் போர்களில் அது பங்குபற்றவில்லை. மே மாதத்தில் பிளம் பொயின்ற் வளைவிலும் யூனில் மெம்பிஸ் நகரின் முன்னும் நடைபெற்ற ஆற்றுப் போர்களிற் பங்குகொண்டது. அதன் பின்னர் வடவரின் கவனம் விக்ஸ்பேர்க் அரணின் மீது திரும்பியது. அவ்வரணுக்கு வடக்கே மிசிசிப்பியுடன் கலக்கும் யாஸூ ஆற்றிலே தென்னவர் கண்ணிவெடிகளை இட்டிருந்தனர். அவற்றை அகற்றுவதற்காக 1862 டிசம்பர் 12ஆம் நாள் சிறு படகணியொன்று ஆற்றின் மேல்நோக்கிச் சென்றது. தோமஸ் செல்பிரிட்ஜ் என்பவரின் தலைமையில் அதிற் சென்ற கெய்ரோ, முன்னே சென்ற படகைக் கடந்து செல்ல முயன்ற வேளையில் இரு வெடிகளினால் தாக்குண்டது. பன்னிரண்டு நிமிட அளவில் 36 அடி ஆழத்தில் அது அமிழ்ந்தது. ஆயினும் படகிலிருந்தோர் அனைவரும் உயிர் தப்பினர்.

கெய்ரோவை வீழ்த்தியது பெரும் பீரங்கியன்று. வெடிமருந்து நிரப்பிய கண்ணாடிச் சாடியே. மின்சாரத்தால் வெடிக்கச் செய்த கண்ணிக்கு இரையான முதற் போர்க்கலம் இதுவென நூல்கள் பல கூறும். மின்கலம் பயன்பட்டதா, கரையிலிருந்து கம்பியை இழுத்து உராய்வினாற் பற்றவைத்தனரா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், இரும்பு காவாத நீரின் கீழ்ப்பகுதியையே வெடி தேடிச் சென்றது என்பது தெளிவு. அடுத்த ஆண்டு யூலை 4இல் விக்ஸ்பேர்க் வீழ்ந்தது; அதற்குச் சில நாட்களின் பின்னரும் ‘டி கால்ப்’ எனப்பட்ட மற்றொரு படகு அதே ஆற்றிலே கண்ணிக்கு இரையாயிற்று. போரில் வெற்றி பெற்ற தரப்பினரும் இவ்வாபத்துக்கு முழுமையான மாற்றினைக் கண்டிலர்.

போர் முடிந்ததும் எஞ்சிய ஐந்து படகுகளும் 1865-66இல் விற்கப்பட்டன. கெய்ரோ மட்டும் யாஸூவின் சேற்றிலே புதைந்து, காற்றுப் படாமையாற் பெரிதும் கெடாதிருந்தது. 1956இல் எட்வின் பார்ஸ் என்னும் வரலாற்றறிஞரும் அவருடைய தோழர் இருவரும் பழைய ஆவணங்களை ஆராய்ந்து, திசையறி கருவியின் முள் இரும்பினால் விலகுவதைக் கொண்டு அதன் இருப்பிடத்தைக் கண்டனர். 1964இல் அதனைத் தூக்க முயன்றபோது உருக்கு வடங்கள் மரத்தை அறுத்து உட்புகுந்தன. முழுமையாக எடுக்க இயலாமற் படகு மூன்று துண்டுகளாக்கப்பட்டது. நூறு ஆண்டுகள் சேறு காத்ததை மீட்பு முயற்சியே சிதைத்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் கப்பற்றுறையில் வெயிலும் காற்றும் பட்டு அது மேலும் நலிந்தது. 1977இல் விக்ஸ்பேர்க் தேசியப் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, எஞ்சிய உறுப்புக்கள் அங்கு ஒன்றுசேர்க்கப்பட்டன.

படகினுள் பீரங்கிகளுடன் உணவுத் தட்டுக்கள், மருந்துப் போத்தல்கள், சப்பாத்துக்கள், மாலுமிகளின் சிறு உடைமைகள் முதலியனவும் கிடைத்தன. தளபதிகளின் அறிக்கைகள் போரின் போக்கைக் கூறும். அப்போரிலே நாள்தோறும் உண்டும் நோயுற்றும் உழைத்தும் வாழ்ந்த சாதாரண மனிதரைப் பற்றி அவை கூறுவது மிகக் குறைவு. அம்மனிதரின் சான்று, அவர்கள் தம் பொருள்களை எடுக்க நேரமின்றித் தப்பியோடிய ஒரு கலத்திலேயே நமக்குக் கிடைத்துள்ளது. கெய்ரோவின் இரும்பு எந்த அரணையும் வென்று தரவில்லை. அப்படகு காத்துத் தந்தது அதனுள் வாழ்ந்தோரின் வாழ்க்கையை.