ஏஐ போட்ட டிசைனில் துளை சரியா? கேட் பாகங்களை ‘அளந்து பார்க்கும்’ கருவி எப்படி வேலை செய்கிறது?

“100-க்கு 60 மி.மீ. அலுமினியத் தகடு, 10 மி.மீ. தடிமன், நாலு மூலையிலும் எம்6 போல்ட் நுழையுற மாதிரி துளை வேணும்.”

இப்படி டைப் செய்தால் போதும், ஏஐ ஏஜென்ட் முப்பரிமாண டிசைனை வரைந்து கொடுத்துவிடுகிறது. படத்தைப் பார்த்தால் எல்லாம் கச்சிதமாகத்தான் தெரியும். ஆனால் அந்தத் துளை 6.6 மி.மீ.யா, 5 மி.மீ.யா? படத்தை வைத்துச் சொல்ல முடியாது. 5 மி.மீ. என்றால் 6 மி.மீ. போல்ட் உள்ளேயே போகாது.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான், ஏஐ ஏஜென்ட்கள் ஒரு பாகத்தைத் தாங்களே அளந்து பார்க்க உதவும் கருவிகள் வந்திருக்கின்றன. அவை எப்படி இயங்குகின்றன? விரிவாகப் பார்க்கலாம்.

கேட் என்றால் என்ன? ஃபீச்சர் என்றால் என்ன?

கம்ப்யூட்டரில் பொறியியல் டிசைன் போடுவதுதான் கேட். 1963-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் இவான் சதர்லேண்ட் உருவாக்கிய ‘ஸ்கெட்ச்பேட்’ இதற்கு முன்னோடி. இன்று மிக்சி ஜார் முதல் விமான பாகம் வரை எல்லாமே முதலில் கேட் ஃபைலாகத்தான் பிறக்கின்றன.

அந்தப் பாகத்தில் உள்ள துளை, பள்ளம், காடி, மேடு, வளைத்த விளிம்பு, சரிவாகச் சீவிய சேம்பர் போன்றவைதான் ஃபீச்சர்கள். மெஷின் ஓட்டுபவருக்கு முக்கியம் இவைதான். எத்தனை துளை, என்ன அளவு, எவ்வளவு ஆழம் என்பதைப் பார்த்துத்தான் டூலையும் நேரத்தையும் கூலியையும் முடிவு செய்வார்.

ஏஐ நேரடியாக ஃபைலைப் படித்தால் போதாதா?

போதாது. காரணம் இருக்கிறது.

கேட் மென்பொருள்களுக்கு இடையே டிசைனைப் பரிமாற அதிகம் பயன்படுவது ‘ஸ்டெப்’ ஃபைல். ஐஎஸ்ஓ 10303 என்ற சர்வதேசத் தரத்தின்படி எழுதப்படுவது. அது வெறும் எழுத்து ஃபைல்தான், நோட்பேடிலேயே திறக்கலாம். ஆனால் உள்ளே இருப்பது ஒன்றையொன்று சுட்டும் எண்ணிட்ட வரிகள். கொஞ்சம் சிக்கலான பாகம் என்றால் ஆயிரக்கணக்கில் போகும்.

பெரும்பாலான ஸ்டெப் ஃபைல்களில் “இங்கே ஒரு துளை” என்று எழுதியிருக்காது. “உருளை வடிவப் பரப்பு, ஆரம் 3.3” என்று மட்டும் இருக்கும். அது துளையின் உள்சுவரா, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டா? இரண்டுமே உருளைதானே! போதாக்குறைக்கு, சில மென்பொருள்கள் ஒரே துளையை இரண்டு அரை உருளைகளாகப் பிரித்து எழுதும். வரிவரியாகப் படிக்கும் ஏஐ, நாலு துளையை எட்டு என்று எண்ணிவிட வாய்ப்புண்டு.

கருவி என்ன செய்கிறது?

இங்கே கணக்குப் போடுவது ஏஐ இல்லை. வடிவியல் கணக்குக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள் இன்ஜின். ‘ஓப்பன் காஸ்கேட்’ என்ற இன்ஜின் 1999 முதல் ஓப்பன் சோர்ஸாகக் கிடைக்கிறது. ஃப்ரீகேட், கேட்குவெரி போன்றவை இதன் மேல்தான் இயங்குகின்றன.

1. ஏஜென்ட், “இந்த ஃபைலில் உள்ள துளைகளைச் சொல்” என்று கருவியைக் கேட்கும்.

2. கருவி ஒவ்வொரு பரப்பையும் எடுத்து, உலோகம் எந்தப் பக்கம் என்று பார்க்கும். உருளைக்கு வெளிப்பக்கம் உலோகம் இருந்தால் துளை. உள்பக்கம் இருந்தால் தண்டு.

3. ஒரே அச்சில் உள்ள அரை உருளைகளை ஒன்றாகச் சேர்க்கும். விட்டம், ஆழம், இடம், திசை, மறுபக்கம் வரை போகிறதா இல்லையா என்பதைக் கணக்கிடும்.

4. “துளை 4, விட்டம் 6.6, ஆழம் 10, மறுபக்கம் வரை” என்று சுருக்கமாகப் பதில் தரும்.

இப்படி வெளிக் கருவிகளை ஏஐ-யுடன் இணைப்பதற்கான பொது முறைகளில் ஒன்று எம்சிபி. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் அறிமுகப்படுத்தியது.

எடையிலும் பிடிபடும்

நம் தகட்டுக்கே வருவோம். துளையே இல்லை என்றால் எடை 162 கிராம். 6.6 மி.மீ. துளை நாலு போட்டால் சுமார் 158.3 கிராம். 5 மி.மீ. துளை என்றால் சுமார் 159.9 கிராம். கண்ணுக்குத் தெரியாத தவறு கணக்கில் தெரிந்துவிடும். ஏஜென்ட் உடனே டிசைனைத் திருத்தி, திரும்ப அளந்து பார்க்கலாம்.

எஸ்டிஎல் ஃபைல் கொடுக்கலாமா?

3டி பிரின்டிங்கில் புழங்கும் எஸ்டிஎல் ஃபைலில் இருப்பது முக்கோணங்கள் மட்டுமே. வட்டத் துளைகூட அதில் பல கோணங்கள் கொண்ட வடிவம்தான். விட்டத்தை உத்தேசமாகத்தான் சொல்ல முடியும். அளவு மி.மீ.யா, இன்ச்சா என்பதும் அதில் இருக்காது. ஒரு இன்ச் என்பது 25.4 மி.மீ.; மாற்றி எடுத்துக்கொண்டால் பாகமே வேறு. அலகுக் குழப்பத்தால் 1999-ல் நாசா தன் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலத்தையே இழந்தது. அதனால் துல்லிய வேலைக்கு ஸ்டெப் ஃபைலே நல்லது.

கருவிக்குத் தெரியாதது என்ன?

“5 மி.மீ. துளை” என்று கருவி சரியாகவே சொல்லும். ஆனால் அது எம்6 மரை போடுவதற்கான துளையா, பின் அடிக்கும் வெறும் துளையா? மரையைப் பெரும்பாலும் டிசைனில் வரைவதில்லை, ட்ராயிங்கில் குறிப்பாகத்தான் எழுதுவார்கள். டாலரன்ஸும் அப்படித்தான். ஸ்டெப் ஃபைலின் ஏபி242 என்ற வகையில் அதைச் சேர்க்க வழி உண்டு. ஆனால் அனுப்புபவர் சேர்த்திருக்க வேண்டும்.

இங்கேதான் பணம் போகும். சின்னத் துளையைப் பெரிதாக்கிவிடலாம். மரை போட வேண்டிய இடத்தில் 6.6 மி.மீ. டிரில் இறங்கிவிட்டால், பெரும்பாலும் அந்தப் பீஸ் ஸ்கிராப். ஜாப் வொர்க் எடுக்கும் சிறு பட்டறைக்கு, மெட்டீரியலும் மெஷின் நேரமும் சேர்ந்து நஷ்டம்.

கவனிக்க வேண்டியவை

* ஏஐ “சரியா இருக்கு” என்று சொன்னால், அளந்து சொல்கிறதா, படத்தைப் பார்த்துச் சொல்கிறதா என்று கேளுங்கள். அளந்த எண்களைக் காட்டச் சொல்லுங்கள்.

* துளைகளின் எண்ணிக்கை, விட்டம், ஆழம், மொத்த எடை, இந்த நாலையும் ட்ராயிங்கோடு ஒப்பிடுங்கள்.

* அலகு என்ன என்பதை முதலிலேயே உறுதி செய்யுங்கள்.

* கஸ்டமர் டிசைன் ரகசியமானது. கருவி உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடினாலும், ஆன்லைன் ஏஐ என்றால் அளவு விவரங்கள் வெளியே போகும். முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

* முதல் பீஸ் மெஷினிலிருந்து வந்ததும் வெர்னியர் வைத்துப் பாருங்கள். கருவி சோதித்தது ஃபைலை மட்டும்தான்.