சுமந்து நின்றவர் செய்த வேலை சுழியா?

புகைவண்டி நிலையத்தில் ஒருவர் இருபது கிலோ எடையுள்ள பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் நிற்கிறார். அவர் செய்த வேலை எவ்வளவு? இயற்பியல் படித்தவர் தயங்காமல் விடை கூறுவார்: சுழி. அந்தப் பெட்டியுடன் சமதளமான நடைமேடையில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சீராக நடந்து சென்றாலும், பெட்டியைத் தாங்கும் விசை செய்த வேலை சுழியே. கூலி கொடுக்க வேண்டியவர் இந்த விடையைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்!

ஆண்டுதோறும் என் வகுப்பில் யாரேனும் ஒருவர் எழுந்து, "இது என்ன நியாயம்?" என்று கேட்பதுண்டு. விசையையும், விசையின் திசையில் நிகழ்ந்த இடப்பெயர்ச்சியையும் பெருக்கி வருவது வேலை. இடப்பெயர்ச்சி இல்லை, ஆகவே வேலையும் இல்லை என்று சொல்லிவிட்டால் மாணவர் அமர்ந்துவிடுவார். ஆனால் மனம் ஒப்பியிருக்கமாட்டார். வரையறை ஏன் அவ்வாறு அமைந்தது என்பதைப் பாடநூல் கூறுவதில்லை. அதை அறிய வேண்டுமானால், நாம் 'வேலை' என்று தமிழாக்கிக்கொண்ட 'ஒர்க்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும்.

ஆங்கிலேயர் அன்றாடம் கையாளும் வினைச்சொற்களுள் 'ஒர்க்' ஒன்று. உழவர் வயலில் 'ஒர்க்' செய்கிறார். கடிகாரமும் 'ஒர்க்' செய்கிறது. உட்கொண்ட மருந்து குணம் தந்தால் அதுவும் 'ஒர்க்' செய்ததாகவே சொல்வார்கள். குயவர் களிமண்ணைப் பிசைவதும், சுரங்கத்தை வெட்டி நடத்துவதும், பீர்த் தொட்டியில் ஈஸ்ட் நுரைத்துப் பொங்குவதும் இதே சொல்லால் குறிக்கப்பட்டன. அதிர்ச்சியினால் திருகாணி சிறிது சிறிதாகக் கழன்று வருவதற்கும் இச்சொல்லே! இப்பொருள்களைக் கூர்ந்து நோக்கினால் இரண்டு முகங்கள் தெரியும். ஒன்று பாடுபடுதல், மற்றொன்று பயன் விளைதல். உழவர் பாடுபடுகிறார், மருந்துக்கு ஏது பாடு?

நம் பேச்சுத் தமிழ் இந்த வேறுபாட்டைத் தானாகவே கண்டுகொண்டிருக்கிறது. "அவர் மில்லில் வேலை பார்க்கிறார்" என்கிறோம். "மின்விசிறி ஒர்க் ஆகவில்லை" என்றும் சொல்கிறோம். இரண்டாம் முகத்திற்கு மட்டும் ஆங்கிலச் சொல்லைக் கடன் வாங்கினோம் போலும்.

பழைய ஆங்கிலத்தில் இவ்வினை 'விர்க்கன்' என்றிருந்தது. செய்தல், ஆக்குதல், உருவாக்குதல் என்பன அதன் பொருள்கள். அதன் பழைய இறந்தகால வடிவம் 'ராட்' என்று மருவியது. தேனிரும்பை ஆங்கிலத்தில் 'ராட் அயர்ன்' என்கிறார்கள் அல்லவா? அடித்துப் பக்குவம் செய்யப்பட்ட இரும்பு என்பதே அதன் பொருள். 1844ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு அனுப்பிய புகழ்பெற்ற தந்திச் செய்தி விவிலியத் தொடர் ஒன்று. அதன் இறுதிச் சொல்லும் இந்த 'ராட்' தான். செய்பவரைக் குறித்த 'ரைட்' என்னும் சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. கப்பல் செய்பவர், சக்கரம் செய்பவர் என்ற தொழிற்பெயர்களில் அது ஒட்டிக்கொண்டது. பின்னர் குடும்பப் பெயராகவும் ஆயிற்று. 1903இல் விமானம் ஓட்டிய ரைட் சகோதரர்களின் பெயர் அதுவே.

கிரேக்க மொழியில் இதற்கு ஓர் உறவுச்சொல் உண்டு: 'எர்கான்'. தொடக்கத்தில் இது வகர ஒலியுடன் 'வெர்கான்' என்று இருந்தது. அந்த வகரம் பின்னர் மறைந்துவிட்டது. 'எனர்ஜி' என்ற சொல் இந்த எர்கானிலிருந்து கிளைத்தது. 'வேலை செய்யும் திறமையே ஆற்றல்' என்று ஆங்கில நூல்கள் வரையறுக்கும்போது, ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள் இருவர் ஒருவரை ஒருவர் அறிமுகம் செய்துவைக்கிறார்கள் எனலாம். 1894இல் ராலேயும் ராம்சேயும் கண்டறிந்த வாயு எதனுடனும் வினைபுரிய மறுத்தது. எனவே அதற்கு 'ஆர்கான்', அதாவது வேலை செய்யாத சோம்பேறி, என்று பெயரிட்டார்கள்.

மொழி வரலாறு இவ்வளவு போதும். இனி நாம் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால் பகுதிக்குச் செல்வோம். அங்கு வெள்ளீயச் சுரங்கங்களும் செம்புச் சுரங்கங்களும் இருந்தன. ஆழம் செல்லச் செல்ல அவற்றில் நீர் ஊறிப் பெருகியது. நீரை இறைக்க நீராவிப் பொறி வேண்டும். பொறிக்கு நிலக்கரி வேண்டும். கார்ன்வாலில் நிலக்கரி இல்லை. வேல்ஸிலிருந்து கப்பலில் வரவேண்டியிருந்தது. ஆகவே சுரங்க முதலாளிக்கு இருந்த கவலை ஒன்றே: வாங்கிய கரிக்கு எவ்வளவு நீர் மேலே வந்தது?

ஜேம்ஸ் வாட்டும் அவருடைய கூட்டாளி போல்டனும் இந்தக் கவலையையே வாணிகமாக்கினார்கள். நியூகோமனின் பழைய பொறியைவிடத் தங்கள் பொறி எவ்வளவு கரியை மிச்சப்படுத்துகிறதோ, அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாகப் பெற்றார்கள். மிச்சத்தைக் கணக்கிட ஓர் அளவை வேண்டுமே! ஒரு புஷல், அதாவது ஏறத்தாழ 40 கிலோ, கரியை எரித்து எத்தனை பவுண்டு நீரை ஓரடி உயரத்திற்கு ஏற்றலாம் என்பது அந்த அளவை. அதற்கு 'டூட்டி' என்று பெயர். நியூகோமன் வகைப் பொறிகள் ஒரு கோடியை எட்டவில்லை. வாட்டின் பொறிகள் இரண்டு கோடியைக் கடந்தன. 1811 முதல் கார்ன்வால் பொறிகளின் டூட்டி மாதந்தோறும் அச்சிடப்பட்டு வந்தது. எந்தச் சுரங்கத்துப் பொறி முதலிடம் என்று பொறியாளர்களிடையே போட்டியே நடந்தது! 1830களில் சிறந்த பொறிகள் ஆறு கோடியையும் தாண்டின.

இங்கே சற்று நில்லுங்கள். எடையையும் உயரத்தையும் பெருக்கினார்கள்; நேரத்தை ஏன் பெருக்கவில்லை? நீர் நிறைந்த வாளியை மேலே ஏற்றியபின் ஒரு கொக்கியில் மாட்டிவிடலாம். கொக்கி அதை ஒரு நாள் தாங்கும், ஓராண்டும் தாங்கும். ஒரு துண்டுக் கரிகூடக் கேட்காது. ஏற்றுவதற்குத்தான் செலவு, தாங்குவதற்குச் செலவில்லை. சுமந்து நிற்பவருக்குச் சுழி போட்ட கை, உண்மையில், கார்ன்வால் கணக்கப்பிள்ளையின் கை!

மனிதரின் களைப்பையும் கணக்கில் சேர்க்க எவரும் முயலவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். மின்னூட்ட விதியால் நாம் அறிந்த கூலும், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மனிதர்களின் நாள் உழைப்பை ஆராய்ந்தார். செயலின் அளவு வேறு, களைப்பு வேறு என்று பிரித்துப் பார்த்தார். வெறுங்கையுடன் படியேறுபவரையும் விறகுச் சுமையுடன் ஏறுபவரையும் ஒப்பிட்டார். உடல் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், சுமையுடன் ஏறுபவர் ஒரு நாளில் செய்யும் செயல் குறைவாகவே இருந்தது. ஆயினும் களைப்புக்கு ஆளுக்கு ஆள் மாறாத அளவுகோல் ஏது? எனவே பெருக்கற்பலன் நிலைத்தது. களைப்பு ஏட்டிலிருந்து நீங்கியது.

இந்தப் பெருக்கற்பலனுக்கு இறுதியாகப் பெயர் சூட்டியவர் பிரெஞ்சு அறிஞர் கோரியோலி. புவியின் சுழற்சியால் காற்றின் போக்கு விலகுவதை விளக்கும் விசைக்குப் பெயர் தந்தவரும் அவரே. எந்திரங்களின் பயனைக் கணக்கிடுவது பற்றி 1829இல் அவர் வெளியிட்ட நூலில் இதனைத் 'த்ரவாய்' என்று அழைத்தார். பிரெஞ்சில் அதற்கு உழைப்பு என்று பொருள். மூன்று கழிகளால் அமைந்த வதைக்கருவியைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து அது பிறந்தது எனச் சொல்லாராய்ச்சியாளர் பலர் கூறுவர். வேதனையையே குறித்த சொல், வேதனையைச் சிறிதும் பொருட்படுத்தாத அளவைக்குப் பெயராயிற்று!

ஆங்கிலேயர் உடனே ஒரு முடிவுக்கு வரவில்லை. 1841இல் ஹியூவெல் 'உழைக்கும் விசை' என்ற பொருள்படும் தொடரைக் கையாண்டார். விசையோடு குழப்பும் பெயர் அது. நிலைக்காமல் போனது நல்லதே. 1843இல் மோஸ்லி தம் பொறியியல் நூலில் 'ஒர்க்' என்ற எளிய சொல்லையே எடுத்துக்கொண்டார். 1873இல் பிரிட்டிஷ் சங்கத்தின் குழு அதற்கு ஓர் அலகைப் பரிந்துரைத்து, கிரேக்க உறவுச்சொல்லை நினைவூட்டும் வகையில் 'எர்க்' என்று பெயரிட்டது. ஒரு கோடி எர்க் சேர்ந்தது ஒரு ஜூல்.

தமிழுக்கு வந்தபோது அது 'வேலை' ஆயிற்று. தமிழ்நாட்டில் ஆற்றல், திறன் என்பவற்றை இலங்கைப் பாடநூல்கள் சக்தி, வலு என்கின்றன. 'வேலை' மட்டும் இரு கரையிலும் ஒன்றே. ஆனால் நம் செவியில் அச்சொல் பாடுபடுதலையே முதலில் ஒலிக்கிறது. மாணவரின் மனக்குறைக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, பெட்டி சுமந்தவருக்குத் திரும்புவோம். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்திற்குப் பெட்டியைத் தூக்கியபோது அவர் செய்த வேலை 20 × 9.8 × 1.5, அதாவது 294 ஜூல். எழுபது கிராம் நீரை ஒரு டிகிரி சூடேற்ற இது போதும். இவ்வளவு சிறிய தொகைக்கா அவ்வளவு வியர்வை?

வியர்வைக்கு விடை தசைக்குள் இருக்கிறது. தசை ஒரு கொக்கி அன்று. அதன் இழைகளுக்குள் மயோசின் என்னும் புரத மூலக்கூறுகளின் தலைகள் பக்கத்து ஆக்டின் இழையைப் பற்றுகின்றன, இழுக்கின்றன, விடுகின்றன, மீண்டும் பற்றுகின்றன. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஏ.டி.பி. மூலக்கூறு செலவாகிறது. பெட்டி அசையாதபோதும் இந்த இழுபறி ஓய்வதில்லை. செலவான ஆற்றல் பெட்டிக்குப் போகாமல் வெப்பமாகி உடலைச் சூடாக்குகிறது. பெட்டியின் கணக்கில் சுழி. தசையின் கணக்கில் அன்று.

கொக்கியைப் போன்ற தசை உயிரினங்களில் இல்லாமலும் இல்லை. கடற்கரையில் மூடிய மட்டி ஒன்றைக் கையால் பிரிக்க முயன்று பாருங்கள். ஓட்டை மூடிப்பிடிக்கும் அதன் தசைக்குத் 'தாழிடும்' நிலை ஒன்று உண்டு. ஒருமுறை இறுகியபின், மிகச் சிறிதளவு ஆற்றலையே செலவிட்டு மணிக்கணக்கில் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும்.