கணினிக்குள் வாழும் பழம்பொறிகள்

ஒரு கணினியினுள்ளே பல கணினிகளைத் தனித்தனியாக இயங்கச் செய்யும் மென்பொருளை ஹைப்பர்வைசர் என்பர். உள்ளே இயங்கும் மெய்நிகர் கணினிக்கு உண்மையான உறுப்புக்கள் இல்லை. அவ்வுறுப்புக்கள் உள்ளன போல நடித்துக் காட்டுவது ஹைப்பர்வைசரின் தொழில். அந்நடிப்பில் காலங்கடந்த பொறிகளும் இடம்பெற்று வந்தன.

1981ஆம் ஆண்டு ஐ.பீ.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியில் இன்ரெல் நிறுவனத்தின் இரு சில்லுகள் இருந்தன. விசைப்பலகை முதலிய கருவிகளின் அழைப்புக்களை வரிசைப்படுத்திச் செயலிக்கு அறிவித்தது 8259. காலத்தை அளந்து கொடுத்தது 8253. பழைய மென்பொருள்கள் தடையின்றி இயங்குதல் வேண்டும் என்பதனால், பின்வந்த கணினிகளும் இவற்றின் தொழிலைக் காத்து வந்தன.

2007 பெப்ரவரியில் லினக்ஸ் பணிசெயல் முறைமையோடு கே.வி.எம். என்னும் ஹைப்பர்வைசர் சேர்ந்தது. விரைவு கருதி, அப்பழஞ்சில்லுகளின் நடிப்பும் சில காலத்தில் கேர்னல் எனப்படும் மூலப்பகுதியினுள்ளேயே வைக்கப்பட்டது. மூலப்பகுதிக்குக் கணினி முழுவதன் மீதும் அதிகாரம் உண்டு. ஆதலால், அங்கே நேரும் சிறு வழுவும் பெருங்கேடு விளைக்கலாம்.

பழம்பொறியின் நடிப்பு எத்துணை ஆபத்தானது என்பதை 2015 மே மாதம் வேறொரு மென்பொருள் உணர்த்தியது. கியூஈஎம்யூ என்பது அதன் பெயர். அதில் நெகிழ்வட்டுக் கட்டுப்படுத்தியை நடித்துக் காட்டும் பகுதியில் 2004 முதல் ஒரு வழு மறைந்து கிடந்தது. அவ்வழுவின் வழியே மெய்நிகர் கணினிக்குள் இருப்பவர் வேலியைத் தாண்டி வெளியேற இடமிருந்தது. வெனம், அதாவது நஞ்சு, என்று அதற்குப் பெயரிட்டனர். நெகிழ்வட்டைப் பெரும்பாலோர் பயன்படுத்தாத காலம் அது. ஆயினும், வட்டியக்கியை நீக்கி வைத்த இடங்களிற்கூட அப்பகுதி விழித்தே இருந்தது என்பதுதான் வியப்பு. பயனற்றுப் போன பொருள் தீங்கற்றுப் போவதில்லை.

இக்காலத்து மெய்நிகர் கணினிகள் பல, கருவிகளின் அழைப்பைச் செய்தி வடிவில் நேரே செயலிக்கு அனுப்புகின்றன. அவற்றுக்குப் பழஞ்சில்லுகள் வேண்டுவதில்லை. எனவே, 2025இல் கே.வி.எம். உருவாக்குநர்கள் அந்நடிப்பை விருப்பத்துக்குரியதாக்கினர். முறைமையை ஆக்கும்போதே, வேண்டாதோர் அதனை மூலப்பகுதியிலிருந்து அறவே விலக்கலாம்; பழைய மென்பொருளைப் பேணுவோர் வைத்துக்கொள்ளலாம்.

பழமையை அழித்தலன்று இச்சீர்திருத்தம். சிலரது தேவைக்காக எல்லோரும் சுமந்த இடரை, தேவையுடையோர் மட்டும் அறிந்து ஏற்கும்படி செய்ததே இதன் சிறப்பு.